விபத்துப் படிவத்தின் நான்காவது வரி

"...படிச்சவுகதான அம்புட்டுப் பேரும்? எழுதப் படிக்கத்தான எம்மகள உங்ககிட்ட அனுப்புனேன். அவளே உக்காந்து வாசிக்கிற மாதிரி, அவளப் பத்தி இப்படி எழுதி அனுப்பிருக்கீகளே. இத யாரு பாய் எழுதுனது?"

கேட்டவர் பேச்சியம்மாள். திருப்பரங்குன்றத்தில் அப்பளக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்தது எங்கள் பள்ளியின் சார்பில் போன பதில் கடிதம். பக்கத்தில் வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அவர் மகள் பவித்ரா. எங்கள் பள்ளியில் பெஞ்சு தூக்கியபோது விரல் நசுங்கிய பிள்ளை. எதிரே எங்கள் தலைமையாசிரியையும் அலுவலக எழுத்தனாகிய நானும் நின்றுகொண்டிருந்தோம். இடம், மதுரை ஜில்லா கோர்ட்டு வளாகம், சமரச மையத்தின் வராந்தா. உள்ளே கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரம்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். போன வாரம் போன் செய்தாள்.

"பாய் சார், ஒரு டவுட்டு. நம்ம விபத்துப் படிவத்துல நாலாவது வரிக்கு அரைப் பக்கம் காலியா விட்டிருக்கு. 'பிள்ளை சொன்னது'ன்னு மட்டும் போட்டிருக்கு. இப்பத்தான் மாடிப்படி, மைதானம் எல்லா இடத்துலயும் கேமரா மாட்டியாச்சே. புள்ள சொல்றத எதுக்கு சார் எழுதிக்கிட்டு? அந்த எடத்தத் தூக்கிரவா?"

"தூக்கிராதம்மா."

"ஏன் சார்?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல. எழுதி அனுப்புறேன்."

"நீங்க எழுதுனா ரெண்டு வரியில முடியாதே சார்" என்று சிரித்தாள். உண்மைதான். பேச்சிலும் அப்படித்தான், எழுத்திலும் அப்படித்தான்.

நான் அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ந்தது மணி அடிக்கிற வேலைக்கு. தெற்குவாசலில் எங்கள் அத்தாவுக்கு பைண்டிங் கடை. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்களெல்லாம் அங்கேதான் தையலுக்கு வரும். அந்தப் பழக்கத்தில் கிடைத்த வேலை. "வேதக்காரவுக பள்ளிக்கூடம்டா. நேரத்துக்குப் போ, நேரத்துக்கு மணி அடி, ஒனக்குத் தொழுகைக்கு நேரம் அவுகளே குடுப்பாக" என்று சொல்லி அனுப்பினார். கொடுத்தார்கள். சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் டைப்ரைட்டிங் படித்தேன். லோயர் ஒரே தடவையில், ஹையர் மூன்றாம் தடவையில். சட்டம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளியின் பழைய வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போவேன். அவர் வரும்வரை காத்திருக்கவேண்டும். கையில் இருக்கிற கட்டைப் படிக்காமல் வேறு என்ன செய்வது? அப்படிப் படித்துத்தான், பள்ளி நேரத்தில் பிள்ளை பள்ளியின் கையில் இருக்கிறது, பெற்றவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்ப்பார்களோ அவ்வளவு கவனம் பள்ளிக்கும் கடமை என்பதைத் தெரிந்துகொண்டேன். மணி அடித்தவன் எழுத்தனாக ஒன்பது வருஷம் ஆனது.

எழுத்தன் வேலையில் எனக்குப் பிடித்த இடம் ஜன்னல். பெற்றோர் வந்து நிற்கிற ஜன்னல். அங்கே கேட்ட பேச்சுகளையெல்லாம் எழுதிவைத்திருந்தால் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைந்திருக்கும். பிறந்த தேதி கேட்டால் ஒரு தாய், "அழகரு ஆத்துல எறங்குன மறுநா பாய். வெயிலு, வெயிலு, அப்படி ஒரு வெயிலு. அத எழுதிக்கங்க" என்பார். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர், "பேர மட்டும் வெட்டிக் குடுங்க பாய், ஆள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மனிதர் பேசுவதை அப்படியே மனசில் வாங்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் அப்படிக் கேட்கிற காதை, கேட்கவேண்டிய ஒரு இடத்தில் நான் பயன்படுத்தவே இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தலைமையாசிரியை ஞானசெல்வம் டீச்சரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, பச்சை மை அடைத்த பேனா. எந்தக் கடிதம் ஆனாலும் உட்கார்ந்து கையெழுத்துப் போடமாட்டார். தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். நின்றபடி, உதடு அசைய, சத்தம் இல்லாமல் முழுக்க வாசிப்பார். ஒரு சொல் இடறினால் அங்கேயே நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். திட்டமாட்டார். "காதர், இது யாரோ பேசுற மாதிரி இருக்கே. நம்ம பேசுற மாதிரி இல்லையே" என்பார். நான் திரும்ப டைப் அடிப்பேன்.

ஒரு பிள்ளைக்கு அடிபட்டது என்று ஆள் ஓடிவந்தால் மூன்று கேள்வி கேட்பார். வரிசை மாறாது. "எங்க இருக்கு புள்ள? பக்கத்துல யாரு இருக்கா? வீட்டுக்கு ஆள் போயாச்சா?" யார் தள்ளினான், யார் விழுந்தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவார். கூட நான். டவுன் பஸ்ஸில்தான் போவோம். நாலு சாத்துக்குடி, ஒரு ரஸ்க் பாக்கெட். வாசலில் நின்றபடியே முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "பள்ளிக்கூடத்துல இருக்கும்போது அடிபட்டுருச்சு. அது எங்க பொறுப்பு." அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாடம் நடக்கிறது, எது வீட்டில் படிக்கவேண்டும் என்று சொல்லுவார்.

கபடியில் கை முறிந்த பையன் ஒருவன் வீடு அழகர்கோவில் ரோட்டில். அவனுடைய அப்பா கறிக்கடைக்காரர். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய்த் துண்டால் கட்டிலைத் தட்டிப் போட்டார். "இவன் அடிபட்டதுல ஒரு நல்லதும் இருக்கு டீச்சர். இல்லாட்டி நீங்க எங்க வீட்டுக்கு வருவீகளா?" என்றார். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பையன் வெட்கப்பட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லா வீடும் அப்படி இருக்காது. கொட்டாம்பட்டிக்கு ஒரு முறை போனோம். விடுதியில் தங்கிப் படித்த பையன், தண்ணீர்த் தொட்டி ஓரம் வழுக்கி மண்டையில் ஆறு தையல். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறோம், அவனுடைய தாய்மாமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வருகிறார். முகம் சரியில்லை. டீச்சர் தெருவிலேயே நின்று அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னார். அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போலீசு டேசனுக்குப் போகணும்னுதான் டீச்சர் சட்டையப் போட்டேன். நீங்க வந்துட்டீக. சரி, போட்ட சட்டைய ஏன் அவுக்கணும், திரும்பிப் போறப்ப உங்கள பஸ் ஏத்தி விட வாரேன்."

வந்தார். கடைசி பஸ் வரும்வரை கூட நின்றார். அந்த வருஷங்களில் பிள்ளைக்கு அடிபட்டதற்காக எங்கள் பள்ளியின் மேல் ஒருவரும் வழக்குப் போடவில்லை. டீச்சருடைய அந்த முதல் வாக்கியம்தான் காரணம் என்று நான் அப்போது நினைக்கவில்லை. என் படிவம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவம் வந்த விதம் இதுதான். பள்ளியில் விபத்து நடந்தால் கல்வித்துறை ஆபீஸுக்கு அறிக்கை போகவேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆபீஸில் ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு யோசனை சொன்னார். "ஏம்ப்பா இம்புட்டு நீளமா எழுதுற? வாத்தியார் மேல எழுதுனா வாத்தியாருக்கு மெமோ. பள்ளிக்கூடத்து மேல எழுதுனா நிர்வாகத்துக்கு நோட்டீசு. புள்ள மேல எழுதிரு. புள்ளயா வந்து கேக்கப்போகுது?"

எனக்கு அது பெரிய சூட்சுமமாகப் பட்டது. அன்றே நகல் எடுக்க ஸ்டென்சில் வெட்டினேன். முதல் வரி பெயர், வகுப்பு. இரண்டாவது, நாளும் நேரமும். மூன்றாவது, இடம். நான்காவது வரியில் காலி இடமே கிடையாது. முழுக்க அச்சு: "மேற்படி மாணவன்/மாணவி ஆசிரியரின் அறிவுரையை மீறி, தனது சொந்தக் குறும்புத்தனத்தாலும் கவனக்குறைவாலும் மேற்படி காயத்தை அடைந்தார்." நான் செய்யவேண்டியதெல்லாம், மாணவி என்றால் மாணவனைக் கோடு போட்டு அடிக்கவேண்டும், மாணவன் என்றால் மாணவியை.

முதல் தாளை டீச்சர் ஜன்னலில் நின்று வாசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அன்று பரீட்சை நேரம், மேஜையில் நூறு தாள் கிடந்தது. எப்படிக் கடந்துபோனது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு அது பழகின தாள். நிரப்பிய இடத்தை மட்டும் பார்ப்பார். பெயர் சரியா, வகுப்பு சரியா, நேரம் சரியா. பச்சை மையில் கையெழுத்து. சைக்ளோஸ்டைல் போய் ஜெராக்ஸ் வந்தது, ஜெராக்ஸ் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு தடவையும் நானே உட்கார்ந்து அந்த நான்காவது வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஏற்றினேன்.

இனி பவித்ராவின் விஷயம்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் பெஞ்சு மாற்றுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதுதான். மாடியில் உள்ள பெஞ்சுகளைக் கீழே இறக்கித் தேர்வு அறைகளில் வரிசை போடவேண்டும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் திடமான பிள்ளைகளாகப் பார்த்து உடற்பயிற்சி ஆசிரியர் கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு அது திருவிழா. பாடம் இல்லை, மாடிக்கும் கீழுக்கும் ஓடலாம், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்ற பெருமை வேறு. "எட்டாப்புல பவித்ரா, சுகன்யா" என்று அவர் கூப்பிட்டபோது நான் அங்கேதான் நின்றேன். பவித்ரா வகுப்பிலேயே உயரமான பிள்ளை. சட்டென்று எழுந்து வந்தாள்.

தேக்குப் பலகை, இரும்புக் கால். மாடிப்படியின் திருப்பத்தில் பெஞ்சின் காலுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. ஆசிரியர் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். மேல் கணுவோடு எடுக்கும்படி ஆகிவிட்டது.

அன்று டீச்சர் தேர்வு வேலையாக வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் படிவம் எடுத்தேன். பெயர், வகுப்பு, நாள், நேரம், இடம். மாணவன் என்பதை அடித்தேன். மறுநாள் காலையில் டீச்சர் வந்ததும் நீட்டினேன். விஷயத்தைக் கேட்ட அதிர்ச்சியில் இருந்தவர், ஜன்னலுக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, "கெளம்பு காதர், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

போக முடியவில்லை. அப்போதுதான் பள்ளிக்குப் புதுத் தாளாளர் வந்திருந்தார். தாளாளர் என்றால் நிர்வாகத்தின் சார்பில் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர். எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார், பக்கத்தில் ஒரு வக்கீலையும் உட்காரவைத்திருந்தார்.

"டீச்சர், நீங்க வீட்டு வீட்டுக்குப் போய் 'எங்க பொறுப்பு'ன்னு சொல்றீங்களாமே?" என்றார் வக்கீல். "கோர்ட்டுல அந்த ஒரு வாக்கியம் போதும், பள்ளிக்கூடம் எந்திரிக்க முடியாது. இந்தக் கேஸ் முடியிற வரைக்கும் நீங்களும் போகக்கூடாது, உங்க ஆளுகளும் போகக்கூடாது."

"கேஸே வரலையே சார்."

"வரும் டீச்சர். விரல் போயிருக்கு."

டீச்சர் தாளாளரைப் பார்த்தார். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வெளியே வந்து தன் அறையில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் நான் வாங்கிவைத்த சாத்துக்குடி அலமாரி மேலேயே இருந்து வாடியது. அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம், எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். கீழ்ப்படிந்தோம்.

வக்கீல் சொன்ன மாதிரியே வந்தது. பேச்சியம்மாள் இலவசச் சட்ட உதவி மையத்தில் மனுக் கொடுத்தார். மனுவில் விரலைப் பற்றி இரண்டு வரி, மீதி எல்லாம் வேறு. 'ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம், பள்ளிக்கூடத்தில் இருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை' என்று இருந்தது. டீச்சர் அதை ஜன்னலில் நின்று இரண்டு தரம் வாசித்தார். வக்கீல் பதில் அனுப்பினார். அதில் என் படிவத்தின் நான்காவது வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். எனக்குக்கூட அப்போது உறைக்கவில்லை. எத்தனையோ முறை பார்த்த வரி.

ஜூனில் பள்ளி திறந்தது. பவித்ரா ஒன்பதாம் வகுப்புக்கு வரவேண்டும். வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். டீச்சர் சுகன்யாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லும்மா, ஒன்னயத் திட்டமாட்டேன்."

"அவ வரமாட்டாளாம் டீச்சர். வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்துச்சாம். அவ அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அவளே சத்தமா வாசிச்சாளாம். 'நான் சொன்ன பேச்சு கேக்காதவ, குறும்புக்காரின்னு ஸ்கூல்லயே எழுதிட்டாங்க. அப்புறம் நான் எதுக்கு வரணும்'னு சொல்றா டீச்சர். அப்பளக் கம்பெனிக்குப் போகப்போறேன்னு சொல்றா."

சுகன்யா போனதும் டீச்சர் கோப்பைக் கேட்டார். ஜன்னலுக்குப் போனார். இந்த முறை நிரப்பிய இடத்தை விட்டுவிட்டு அச்சடித்த இடத்தை வாசித்தார். உதடு அசைந்துகொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது.

"காதர், இத யாரு எழுதினது?"

"நம்ம ஃபாரம் டீச்சர். எப்பவும் உள்ளதுதான்."

"எப்பவுமேவா?"

"ஆமா டீச்சர்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "கையெழுத்து என்னோடது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வரியைத் திருத்தித் தரலாமா என்று வக்கீலிடம் கேட்டுப் பார்த்தோம். திருத்தினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி என்றார். இதற்கு நடுவில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை என்னிடம் வந்து, தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவேண்டியவன் நான். "நாளைக்குப் பாப்போம் டீச்சர், நாளைக்குப் பாப்போம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்பளப் பலகையில் உட்கார்ந்துவிடும், அப்புறம் எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படி எழும்பாமல் போன பிள்ளைகளின் பெயரை நிறைய எடுத்தவன் நான்.

ஜூலையில் சமரச மையத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அந்த வராந்தாவில்தான் பேச்சியம்மாள் கேட்டார், இத யாரு பாய் எழுதுனது என்று. வக்கீல் ஏதோ நகல் எடுக்க வெளியே போயிருந்தார். போகும்போது, "வாயத் திறக்காதீங்க, நான் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, சொல் என்று சொல்லவும் இல்லை. பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா எழுதுனேன்" என்றேன்.

பேச்சியம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. வக்கீலைச் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்போல. ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீங்களா? நீங்க பாத்தீகளா பாய், எம்மக குறும்பு பண்ணுனத?"

"இல்லம்மா."

"அப்ப யாரு பாத்தா? பேரச் சொல்லுங்க."

"யாரும் பாக்கலம்மா. அது... ஒங்க மகளுக்குன்னு எழுதுனது இல்ல. முன்னாடியே எழுதி அச்சடிச்சு வச்சிருந்தது. யாருக்கு அடிபட்டாலும் அதேதான்."

"முன்னாடியேன்னா?"

"ரொம்ப முன்னாடி."

"எம்மக பொறக்குறதுக்கு முன்னாடியா?"

கணக்குப் பார்த்தேன். "ஆமாம்மா. அதுக்கும் முன்னாடி."

அவர் சிரித்தார். கோபத்தில் வந்த சிரிப்புத்தான், ஆனால் சிரிப்பு. மகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியாடி? நீ வயித்துக்குள்ள வர்றதுக்கு முன்னயே குறும்பு பண்ணிட்டியாம். எழுதி வச்சிருக்காக" என்றார். பவித்ரா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன்னைப் பற்றி யாரோ பார்த்து யோசித்து எழுதியது என்று நாலு மாசம் நம்பியிருக்கிறது அந்தப் பிள்ளை.

டீச்சர் அவள் முன்னால் போய்க் குனிந்தார். "பவித்ரா, அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. இப்பக் கேக்குறேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி, "அவ சொல்லட்டும்மா" என்றார். என்னிடம், "காதர், எழுது. அவ சொல்ற மாதிரியே" என்றார். என் பையில் வெள்ளைத் தாள் இருந்தது. வராந்தாச் சுவரில் வைத்து எழுதினேன்.

"பீட்டி சார் எங்கள பெஞ்சு எறக்கச் சொன்னாங்க. முன்னாடி நானு, பின்னாடி சுகன்யா. திருப்பத்துல பெஞ்சு சாஞ்சுருச்சு. சுகன்யாவுக்குக் கை நழுவிருச்சு. என் வெரலு கம்பிக்குள்ள மாட்டிக்கிருச்சு."

"அப்பயே பெஞ்ச விட்டிருக்கலாமேம்மா?" என்றார் டீச்சர்.

"விட்டா வெரல உருவிருக்கலாம் டீச்சர். ஆனா கீழ ஆறாப்புப் புள்ளைக வரிசையா நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சுக. அதுக மேல போய் விழும்ல? அதுக ஓடுற வரைக்கும் புடிச்சுக்கிட்டேன்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பேச்சியம்மாளுக்கும் அது புதுச் செய்தி என்று அவர் முகத்தில் தெரிந்தது. "எங்கிட்டச் சொல்லவே இல்லையேடி" என்றார். "நீதான் யாரு மேல தப்பு, யாரு மேல தப்புன்னே கேட்டுக்கிட்டு இருந்தே" என்றது பிள்ளை.

டீச்சர் நிமிர்ந்து, தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் போனார். அந்த வராந்தாவில் ஜன்னல் இல்லை, தூண் ஓரம்தான் வெயில். நின்று முழுக்க வாசித்தார். கீழே தன் கையால், 'இது மாணவி சொன்னது. இதை நான் நம்புகிறேன். இதற்கு முன் அனுப்பிய அறிக்கை தவறு' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து சேர்ந்தார்.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"வீட்டுக்குப் போகக்கூடாதுன்னீங்க சார். போகல. இங்கயே பேசிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் உள்ளே கூப்பிட்டபோது அந்தத் தாளைத்தான் முதலில் வைத்தோம். மத்தியஸ்தராக இருந்த வக்கீலம்மா வாசித்துவிட்டு, "இதுக்கு மேல என்ன வழக்கு?" என்று தாளாளருக்கே போன் போடச் சொன்னார். சிகிச்சைக்கும் படிப்புக்கும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. இனி எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பெஞ்சு தூக்குவதில்லை என்று டீச்சர் தானாகச் சேர்த்துச் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்கள். பழைய படிவத்தை மறுநாளே அழித்து நான்காவது வரியைக் காலியாக விட்டேன். அதுதான் ரம்யா, நீ கேட்ட அரைப் பக்கம். கேமராவில் அந்தப் பிள்ளையின் கை மாட்டியது தெரிந்திருக்கும். ஏன் விடவில்லை என்பது தெரிந்திருக்காது.

தாளாளர் என்னிடம் ஆறு மாதம் பேசவில்லை. அது பெரிய விஷயமும் இல்லை. அன்று சமரச மையத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. வழக்கு முடிந்துவிட்டது சரி, பிள்ளை வருமா? டீச்சரும் அதையேதான் நினைத்திருக்கிறார். வராந்தாப் படியில் நின்று, வழக்கமாக எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி, "எப்பம்மா வர்ற?" என்று பவித்ராவிடம் கேட்டார். பிள்ளை துப்பட்டாவுக்குள் இருந்த கையைப் பார்த்தது. "எழுத வராது டீச்சர்" என்றது, மெதுவாக.

பேச்சியம்மாள் உள்ளே கையெழுத்தான சமரசத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தார். மகளை எங்களோடு நிறுத்திவிட்டு, கோர்ட்டு வாசலுக்கு எதிரே பத்திரத்தாளும் பேனாவும் விற்கிற கடைக்கு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். "இருக்குறதுலயே தடியான பேனாவா எடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டி மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பேச்சியம்மாள், தன் வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மிச்ச விரல்களால் முதல் பேனாவைப் பிடித்து, கடைக்காரர் கொடுத்த துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பேனா நழுவியது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.